பெட் ஸ்கேனில் ‘பரவியிருக்கு’ என்று வந்தால்: கொங்குப் பக்கத்து ஸ்கேன் சேவை எப்படி?

ஈரோடு, திருப்பூர், தாராபுரம், பொள்ளாச்சி, நாமக்கல் என்று நாலா பக்கமிருந்தும் வெள்ளென பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு கோயம்புத்தூர் வந்து, புற்றுநோய் உடம்பில் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் சி.டி. ஸ்கேன் எடுக்கிறவர்கள் அதிகம். கட்டணம் சென்டருக்கு சென்டர், ஏற்றும் ஊசி மருந்துக்கு மருந்து மாறும். பெரும்பாலும் பத்தாயிரத்துக்குக் குறையாத செலவு, இருபதைத் தாண்டுவதும் உண்டு. தறிக்குப் போகிற வீட்டுக்கு அது பெரிய தொகை. அந்தக் காசுக்குக் கையில் என்ன வருகிறது என்பதுதான் இங்கே பேச்சு. எந்த ஒரு சென்டரையும் குறிவைத்து இதை எழுதவில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். மெஷினுக்கும் டெக்னீஷியன்களுக்கும் நல்ல மார்க். ஸ்கேனுக்கு முன்னால் சொல்லித்தரும் பத்தியத்துக்குப் பாஸ் மார்க். ரிப்போர்ட்டில் இருப்பதை வீட்டாருக்குப் புரியவைக்கிற வேலைக்கு ஃபெயில். நோய் எந்த உறுப்புக்குப் போயிருக்கிறது என்பது ஆளின் ஆயுளோடு நேராகத் தொடர்புள்ள விஷயம். அதைக் கவரில் போட்டு ஒட்டி, கவுண்டர் வழியாக நீட்டிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள்.

முதலில் நல்லது. ஊசியில் ஏற்றுவது எஃப்.டி.ஜி. என்ற மருந்து: குளுக்கோஸ் மாதிரியான ஒரு பொருளில் கதிரியக்க ஃப்ளோரின்-18-ஐக் கோத்திருப்பார்கள். சர்க்கரையை வேகமாகத் தின்கிற செல்கள் எல்லாம் இதை இழுத்து வைத்துக்கொள்ளும், படத்தில் அந்த இடம் எரியும். இந்த மருந்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறையும் நேரம், 110 நிமிஷம். மருந்து தயாராகும் சைக்ளோட்ரான் மெஷினிலிருந்து காலை 6 மணிக்கு 40 மில்லிக்யூரி (கதிரியக்கத்தின் அளவு) கிளம்பினால் 7.50-க்கு 20 இருக்கும், 9.40-க்கு 10. ஒரு ஆளுக்கு எடையைப் பொறுத்துத் தேவைப்படுவது 5 முதல் 10 மில்லிக்யூரி. அதனால்தான் ‘எட்டு மணிக்கே வந்துருங்க’ என்று கறாராகச் சொல்கிறார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் தாமதித்தால் உங்களுக்கென்று எடுத்துவைத்த மருந்து கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துகொண்டிருக்கும். மருந்து வண்டியே தாமதித்தால் உட்கார வைத்துவிடுவார்கள். அதற்குச் சண்டை போட்டுப் புண்ணியமில்லை.

பத்தியத்தில்தான் ஓட்டை. ‘ஆறு மணி நேரம் சாப்பிடாம வாங்க’ என்பதோடு பல இடங்களில் முடித்துவிடுகிறார்கள். நம்மூர் ஆளுக்கு அது போதாது. முந்தின ராத்திரி அரிசியும்பருப்புச் சோற்றை நெய் ஊற்றி ஒரு பிடி பிடித்துவிட்டு வந்தால், காலையில் வயிறு காலியாக இருக்கும், ரத்தத்தில் சர்க்கரை இருக்கும். முந்தின நாள் அரிசி, ராகிக் களி, பழம், இனிப்பு ஆகியவற்றைக் குறைத்து முட்டை, கோழி, கீரை என்று சாப்பிடுவது நல்லது. காலையில் பச்சைத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். இளநீர் கூடாது, ‘சக்கரை போடாத காப்பி’யும் கூடாது, பாலிலேயே சர்க்கரை இருக்கிறது. கையில் குத்திப் பார்க்கும்போது 200-க்கு மேல் காட்டினால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த நேரத்தில் அவசரத்துக்கு இன்சுலின் போட்டு இறக்குவதும் உதவாது. இன்சுலின் மருந்தைத் தசைக்குள் தள்ளிவிடும், கட்டி மங்கிப்போகும். மெட்ஃபார்மின் மாத்திரை குடலை எரிய வைக்கும். வயிற்றுப் பக்கம் சந்தேகம் இருந்தால் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வது வழக்கம். அதைச் சர்க்கரை டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இன்னும் மூன்று விஷயம், யாரும் நோட்டீஸில் போடுவதில்லை. ஒன்று, முந்தின நாள் கடும் உடல் உழைப்பு. மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கியவர், தென்னை ஏறியவர் மறுநாள் ஸ்கேனுக்குப் படுத்தால் தோளும் தொடையும் பந்தம் மாதிரி எரியும். இரண்டு, வெற்றிலை. ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் இருட்டறையில் சும்மா படுத்திருக்க வேண்டும். அப்போது வாயில் எதையாவது மென்றால் தாடைத் தசை மருந்தை இழுக்கும், போன் பேசினால் குரல்வளை இழுக்கும். வாய்ப் புற்றுக்கோ தொண்டைப் புற்றுக்கோ ஸ்கேன் எடுக்கிறவருக்கு இது படத்தையே குழப்பிவிடும். மூன்று, குளிர். ஊட்டியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் நடுங்கி வந்து, ஏ.சி. அறையில் மறுபடி நடுங்கினால், கழுத்திலும் தோளிலும் உள்ள ஒருவகைக் கொழுப்பு சூடுண்டாக்க சர்க்கரையை எரிக்கும். நெறி கட்டியிருப்பது மாதிரியே தெரியும். ஸ்வெட்டர் போட்டு வாருங்கள், போர்வை கேட்டு வாங்குங்கள்.

ஊசி போடும் கையைக் கவனியுங்கள். வலது மார்பில் புற்று என்றால் இடது கையில்தான் போட வேண்டும். ஊசி நரம்பை விட்டு வெளியே கசிந்துவிட்டால், கசிந்த மருந்து நிணநீர் வழியாக அக்குளுக்குப் போய் அங்குள்ள முடிச்சை எரிய வைக்கும். ரிப்போர்ட் படிக்கிறவருக்குக் கசிந்தது தெரியாவிட்டால் அது நோயாகிவிடும். கை வீங்கி எரிச்சல் எடுத்தால் அப்போதே நர்ஸிடம் சொல்லி, ‘கசிஞ்சுதுன்னு எழுதிக்கோங்க’ என்று கேளுங்கள். சின்ன விஷயம். ஆனால் இல்லாத நெறிக்கட்டு ஒன்று ரிப்போர்ட்டில் ஏறாமல் இருக்க இதுதான் வழி.

ஸ்கேன் என்னமோ இருபது நிமிஷம்தான். முடிந்தபின் நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் போகச் சொல்வார்கள். அன்றைக்குப் பொழுதுக்கும் கர்ப்பிணிகளுக்குப் பக்கத்தில் உட்காராமல், கைக்குழந்தையை மடியில் வைக்காமல் இருப்பது முறை.

இனி ரிப்போர்ட். அதன் மேல்பகுதியை யாரும் படிப்பதில்லை. அங்கே மூன்று எண் இருக்க வேண்டும்: ஊசி போட்டபோது இருந்த சர்க்கரை, ஏற்றிய மருந்தின் அளவு, ஊசிக்கும் ஸ்கேனுக்கும் இடைப்பட்ட நிமிஷம். இந்த மூன்றும் இல்லாத ரிப்போர்ட்டைச் சரியான ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஏனென்றால் கீழே ‘எஸ்.யு.வி. மேக்ஸ் 9.4’ என்று போட்டிருப்பது இந்த மூன்றையும் பொறுத்து ஏறி இறங்கும். அந்த எண்ணைப் பார்த்து மயங்கி விழுகிறவர்கள் உண்டு. எஸ்.யு.வி. என்பது அந்த இடம் சர்க்கரையை எவ்வளவு இழுக்கிறது என்ற அளவு, அவ்வளவே. போன ரிப்போர்ட்டில் 9, இப்போது 10 என்பதால் நோய் கூடிவிட்டது என்று ஆகாது. வேறு சென்டர், வேறு மெஷின் என்றால் ஒப்பிடவே கூடாது.

அதற்குக் கீழேதான் எல்லாரும் தேடுகிற வரி இருக்கிறது: எங்கெங்கே பரவியிருக்கிறது. கவுண்டரிலோ, லிஃப்ட் முன்னாலோ, கார் பார்க்கிங்கிலோ கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “ஏனுங்க, ஈரல்ல நாலு எடத்துல இருக்குதுன்னு போட்டிருக்குதுங்க, எங்கய்யனுக்கு இன்னும் எத்தன நாளுங்க?” கேட்கப்படுகிறவர் பெரும்பாலும் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்க மட்டும் தெரிந்த ஊழியர். அவர் ‘டாக்டரக் கேளுங்க’ என்பது சரியான பதில்தான். ஆனால் டாக்டரைப் பார்க்கும் வரையுள்ள இரண்டு மூன்று நாளில் வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். கூகுளில் தட்டி, அமெரிக்கக் கணக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நோயாளிக்குத் தெரியாமல் கொல்லைப்புறத்தில் அழுவார்கள். ஆகவே உறுப்பு வாரியாக அந்த வரிகளுக்கு என்ன அர்த்தம் என்று பார்த்துவிடுவோம்.

முதல் குழப்பம் நெறிக்கட்டு. கட்டிக்குப் பக்கத்து நிணநீர் முடிச்சில் நோய் இருப்பது ‘பரவிவிட்டது’ என்ற கணக்கில் வராது. மார்பகப் புற்றில் அதே பக்கத்து அக்குள் மட்டுமல்ல, அதே பக்கத்துக் காறை எலும்புக்கு மேலே உள்ள முடிச்சில் இருந்தாலும் அது மூன்றாம் நிலைதான். வாய்ப் புற்றில் இன்னும் வேடிக்கை. கழுத்தில் பல முடிச்சுகளில் இருந்தால் ‘ஸ்டேஜ் 4ஏ’ என்று எழுதுவார்கள். நாலு என்ற எண்ணைப் பார்த்ததும் வீட்டார் ஆளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறார்கள். 4ஏ என்பது ஆபரேஷனும் கரண்டும் (கதிர்ச் சிகிச்சை) கொடுத்துக் குணப்படுத்தவே பார்க்கிற நிலை. தூரத்து உறுப்புக்குப் போனதுதான் 4சி. இந்த ஒரு எழுத்தை யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய உயிர்கள் உண்டு.

அடுத்து, பெயர். மார்பிலிருந்து ஈரலுக்குப் போனது ஈரல் புற்று ஆகாது, ஈரலில் உள்ள மார்பகப் புற்றுதான். மருந்தும் மார்பகப் புற்றின் மருந்துதான். எந்த விதை எந்த மண்ணில் முளைக்கும் என்பதை 1889-லேயே இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஸ்டீஃபன் பேஜட் எழுதிவிட்டார். மார்பகப் புற்றில் இறந்த 735 பெண்களின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை அலசி, நோய் போகிற உறுப்பு தற்செயல் அல்ல என்று காட்டினார். சோளம் மானாவாரியில் வரும், வாழை வராது என்பது மாதிரிதான். அதோடு ரத்தம் ஓடும் வழியும் சேர்ந்துகொள்கிறது. பெருங்குடலின் ரத்தம் முதலில் ஈரலுக்குப் போவதால் குடல் புற்று ஈரலில் இறங்கும். மலக்குடலின் அடிப்பகுதி ரத்தம் ஈரலைத் தொடாமல் நேரே இதயத்துக்குப் போவதால் அங்குள்ள புற்று முதலில் நுரையீரலுக்கே போவதும் உண்டு. புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்று முதுகெலும்பைத் தேடிப் போகும்.

உறுப்புக்கு உறுப்பு ஆயுள் எப்படி மாறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. ஹார்மோன் ஊசிக்கு அடங்காமல் பரவி, டோசிடாக்சல் கீமோ எடுத்த 8,820 புராஸ்டேட் நோயாளிகளின் விவரத்தை ஒன்றாகச் சேர்த்து 2016-ல் வெளியிட்டார்கள். நிணநீர் முடிச்சில் மட்டும் இருந்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் 31.6 மாதம். எலும்புக்குப் போயிருந்தால் 21.3. நுரையீரலுக்குப் போயிருந்தால் 19.4. ஈரலுக்குப் போயிருந்தால் 13.5. நோய் ஒன்றே, மருந்து ஒன்றே, போன இடம் மட்டும் வேறு. ஆனால் ‘இடைநிலை’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நூறு பேரை ஆயுள் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்கிற ஆளின் கணக்கு அது. பாதிப் பேர் அதைத் தாண்டி இருந்திருக்கிறார்கள். புதிய மருந்துகளுக்கு முந்தைய நோயாளிகளும் அதில் நிறைய. 13.5 என்பதை ‘அய்யனுக்குப் பதிமூணு மாசம்’ என்று படிப்பது தப்பு.

ஈரல் ஏன் கெட்ட பெயர் வாங்குகிறது? ஈரல் கெட்டால் மருந்தே கொடுக்க முடியாமல் போகும் என்பது முக்கியக் காரணம். கீமோ மருந்துகள் பல ஈரலில்தான் உடைகின்றன. ரத்தத்தில் பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் பொருள்) வரம்பைத் தாண்டினால் டோசிடாக்சல் போடக் கூடாது, வேறு பலவற்றையும் குறைக்க வேண்டும். ஆகவே ‘ஈரலில் எத்தனை’ என்பதைவிட ‘பிலிருபின் எவ்வளவு, கண் மஞ்சளா, வயிற்றில் நீரா’ என்று கேட்பது பயனுள்ளது. ஈரலில் நாலு புள்ளி இருந்து பிலிருபின் சரியாக இருப்பவரும், ஈரல் நிறைந்து கண் மஞ்சளானவரும் ரிப்போர்ட்டில் ஒரே வார்த்தையில் அடங்கிவிடுவார்கள். இருவர் கணக்கும் வேறு. இன்னொரு பக்கமும் உண்டு. குடல் புற்று ஈரலுக்கு மட்டும் போய், வெட்டி எடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் ஆபரேஷனே செய்வார்கள். பொறுக்கியெடுத்து ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேருக்குக் குறையாமல் ஐந்து வருஷம் தாண்டுகிறார்கள். ‘ஈரலுக்குப் போயிருச்சு, அவ்வளவுதான்’ என்று குடல் புற்றுக்காரரை வீட்டில் படுக்கவைக்கும் முன்னால், ஈரல் ஆபரேஷன் செய்கிற சர்ஜன் ஒருவர் அந்த ஸ்கேனைப் பார்த்தாரா என்று கேளுங்கள்.

எலும்பு இதற்கு நேர்மாறு. படத்தில் முதுகெலும்பு, விலா, இடுப்பு எல்லாம் கரும்புள்ளியாகத் தெரியும், பார்க்கவே பயமாக இருக்கும். ஆனால் எலும்பில் மட்டும் இருக்கும் மார்பக, புராஸ்டேட் நோயாளிகள் ஹார்மோன் மருந்தில் வருஷக்கணக்கில் நடமாடுகிறார்கள். எலும்புப் பரவல் உயிரை எடுப்பதைவிட ஆளை முடக்குவதுதான் அதிகம். அந்த முடக்கம் ஆயுளைக் குறைக்கும். முதுகெலும்பில் என்று போட்டிருந்தால் மூன்று அறிகுறியை வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்: பட்டை கட்டினது மாதிரி முதுகைச் சுற்றி வலி, கால் தளர்வது, சிறுநீர் கழிக்கத் தெரியாமல் போவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும். நோய் தண்டுவடத்தை நெரிக்கிறது என்று அர்த்தம். நடக்க முடிகிறபோதே ஸ்டீராய்டும் கரண்டும் கொடுத்தால் நடை பெரும்பாலும் தங்கும். கால் விழுந்தபின் கொடுத்தால் திரும்புவது அரிது. ‘புண்ணாக்கு மூட்டையத் தூக்குனேன், பிடிச்சுக்கிச்சு’ என்று நாலு நாள் தைலம் தேய்த்துக் கால் போனவர்கள் இருக்கிறார்கள். எலும்பு வலிக்கு ஒரே நாளில் 8 கிரே (கதிரின் அளவு) கரண்டு கொடுப்பது பல நாள் கொடுப்பதற்கு இணையாக வலியைக் குறைக்கிறது. தாராபுரத்திலிருந்து பத்து நாள் அலைய வைப்பதாகச் சொன்னால், ஒரே நாளில் முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். எலும்புக்குப் போடும் ஜோலிட்ரானிக் ஊசி ஆரம்பிக்கும் முன் பல் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். ஊசி போட்டபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

நுரையீரலில் சின்னச் சின்ன உருண்டைகள் மாசக்கணக்கில் மூச்சுக்கூட வாங்காமல் இருக்கும். எண்ணிக்கையைப் பார்த்து அலற வேண்டாம். ஆபத்தானது நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பதும், நிணநீர்க் குழாய் வழியாக வலை மாதிரிப் பரவுவதும். விதைப்பைப் புற்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் உலக அளவில் வகுத்த பிரிவின்படி, அதில் ஒரு வகைக்கு நுரையீரலுக்குப் போயிருந்தாலும் ரத்தக் குறியீடுகள் குறைவாக இருந்தால் ‘நல்ல’ பிரிவு. ஈரல், எலும்பு, மூளைக்குப் போயிருந்தால் ‘மோசமான’ பிரிவு. அன்றைய கணக்கில் நல்ல பிரிவில் 92 சதவீதம் பேரும், மோசமான பிரிவில் 48 சதவீதம் பேரும் ஐந்து வருஷம் தாண்டினார்கள். மோசமான பிரிவிலேயே பாதிப் பேர் என்பதைக் கவனியுங்கள். இருபத்தைந்து வயசுப் பையனை ‘லங்ஸ் பூராவும் போயிருச்சு’ என்று கைவிடுவது பாவம், சிஸ்பிளாட்டின் கீமோவில் குணமாகிற நோய் அது.

மூளை விஷயத்தில் பெட் ஸ்கேனை நம்பவே கூடாது. மூளை இயல்பாகவே சர்க்கரையை அள்ளித் தின்னும், படத்தில் முழுசாக எரியும். எரிகிற அடுப்புக்குள் தீக்குச்சியைத் தேடின மாதிரிதான். போதாக்குறைக்கு வழக்கமான ஸ்கேன் மண்டையோட்டின் அடியிலிருந்து தொடையின் பாதி வரைதான். ‘மூளையில் ஒன்றும் இல்லை’ என்று ரிப்போர்ட் சொல்லாமல் விட்டிருந்தால், பார்க்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நுரையீரல் புற்று, ஹெர்-2 வகை மார்பகப் புற்று, மெலனோமா என்ற தோல் புற்று என்றால் மருந்து ஏற்றிய எம்.ஆர்.ஐ. தனியாக வேண்டும். மூளைப் பரவலின் ஆயுள் பொதுவாகக் குறைவு. ஆனால் ஒன்றிரண்டு சின்ன இடம் என்றால் குறிவைத்த கதிர்ச் சிகிச்சை இருக்கிறது. நுரையீரல் புற்றில் ஈ.ஜி.எஃப்.ஆர். அல்லது ஏ.எல்.கே. என்ற மரபணு மாற்றம் இருந்தால் மூளைக்குள்ளும் வேலை செய்கிற மாத்திரைகள் இருக்கின்றன. அதனால் மரபணுப் பரிசோதனை ரிசல்ட் வராமல் ஆயுளைப் பற்றி யார் பேசினாலும் அது பாதிக் கணக்கு.

வயிற்றுச் சவ்வு இன்னொரு குருட்டு இடம். கடுகு மாதிரிச் சிதறியிருப்பது பெட்டில் தெரியாது. 8 மில்லிமீட்டருக்குக் கீழ் எது இருந்தாலும் சந்தேகம்தான். இரைப்பைப் புற்றுக்குப் பெரிய ஆபரேஷன் என்று முடிவானால், முதலில் லேப்ராஸ்கோப்பி விட்டு உள்ளே பார்ப்பார்களா என்று கேட்பது நியாயமான கேள்வி. குடல் புற்றில் ஈரலோ நுரையீரலோ ஒன்று மட்டும் என்றால் பரவல் குறியீடு எம்1ஏ, இரண்டு உறுப்பு என்றால் எம்1பி, வயிற்றுச் சவ்வு என்றால் எம்1சி. எழுத்து ஏற ஏற நிலை மோசம்.

எத்தனை இடம் என்பதும் கணக்கில் வரும். மொத்தம் ஐந்துக்குள், முதல் கட்டி அடங்கியிருக்கிறது என்றால் ஒவ்வொரு இடத்தையும் கூர்மையான கதிரால் சுடும் வழி உண்டு. 99 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வில் அப்படிச் சுட்டவர்களில் 42.3 சதவீதமும், வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களில் 17.7 சதவீதமும் ஐந்து வருஷம் தாண்டினார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் கேட்காமல் விடுகிற அளவுக்குச் சின்னதல்ல.

ரிப்போர்ட்டில் ‘பரவல்’ என்று எழுதியிருப்பதெல்லாம் பரவலா? இல்லை. டி.பி. அப்படியே புற்று மாதிரி எரியும். நெஞ்சு நடுவில் உள்ள முடிச்சுகள், நுரையீரல் உச்சியில் ஒரு புள்ளி என்றால் நம் நாட்டில் டி.பி.யை ஒதுக்காமல் நாலாம் நிலை என்று முத்திரை குத்தக் கூடாது. பஸ்ஸில் இடித்து உடைந்த விலா, எலும்புத் தேய்வில் நசுங்கிய முதுகெலும்பு, ஆறாத ஆபரேஷன் புண் எல்லாமே எரியும். தூரத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அந்த ஒன்றால்தான் வைத்தியமே தலைகீழாக மாறுகிறது என்றால், அங்கே ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தபின் பேசச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. புராஸ்டேட், மெதுவாக வளரும் நரம்பு நாளமில்லாக் கட்டி, சளி சுரக்கும் வகைக் குடல் மற்றும் இரைப்பைப் புற்று, சிறுநீரகப் புற்று ஆகியவை எஃப்.டி.ஜி.யை அவ்வளவாக இழுக்காது. படம் வெள்ளையாக வரும், வீட்டில் பாயசம் வைப்பார்கள். புராஸ்டேட்டுக்கு பி.எஸ்.எம்.ஏ. பெட், நரம்பு நாளமில்லாக் கட்டிக்கு டோட்டாடேட் பெட் என்று தனி ஊசி உண்டு. காசு கட்டும் முன் ‘இந்த நோய்க்கு இந்த ஊசிதானுங்களா?’ என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

யாருக்கு இந்தச் செலவு வீண்? அறிகுறி ஏதும் இல்லாத ஆரம்ப நிலை மார்பகப் புற்று, ஆபத்து குறைந்த புராஸ்டேட், சிகிச்சை முடிந்து நன்றாக இருப்பவருக்கு ‘சும்மா ஒரு தடவை பாத்துருவோம்’ என்று மூணு மாசத்துக்கு ஒரு தரம். இதற்கெல்லாம் வழிகாட்டு நெறிகளில் இடமில்லை. இல்லாத புள்ளியைத் துரத்தி இரண்டு பயாப்சி வரை போய் முடியும். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், வெளியே காசு கட்டும் முன்னால் சிகிச்சை நடக்கிற ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுண்டரில் விசாரித்துக்கொள்வது நல்லது.

மறு ஸ்கேன் எடுக்கும் தேதியும் முக்கியம். கடைசிக் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரமாவது, கரண்டு முடிந்து மூன்று மாசமாவது போக வேண்டும். வெள்ளணுவை ஏற்றும் ஊசி போட்ட சூட்டோடு எடுத்தால் எலும்பு மஜ்ஜை முழுக்க எரிந்து, எலும்பெல்லாம் நோய் என்று பயமுறுத்தும். முடிந்தவரை அதே சென்டர், அதே மெஷின். ரிப்போர்ட் பேப்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் படம் உள்ள சி.டி. தட்டையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த டாக்டர் பார்க்கப் போவது அதைத்தான். ஃபிலிமில் அச்சடித்த நாலு படம் அழகாக இருக்கும், அதை வைத்து யாரும் வைத்தியம் பார்க்க மாட்டார்கள்.

கடைசியாக, கிழமை. வெள்ளி, சனியில் ஸ்கேன் எடுத்தால் ரிப்போர்ட் சனி பொழுதோட கைக்கு வரும், டாக்டர் திங்கட்கிழமைதான் கிடைப்பார். நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைதான் கூகுள் கிழமை. திங்கள் அல்லது செவ்வாய் ஸ்கேனுக்குத் தேதி கேளுங்கள். அதே போனிலேயே மறுநாளைக்கு உங்கள் டாக்டரின் ஓ.பி. டோக்கனையும் போட்டுவிட்டு, கவரைப் பிரிக்காமல் அங்கே போய் அவர் முன்னால் பிரியுங்கள்.